முட்டி போடுவது உடற்பயிற்சி அல்ல

திருமயம் வட்டாரப் பள்ளி ஒன்றின் ஆண்டு மலரில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை, சில வாரங்களாக ஊரில் கைமாறிக்கொண்டிருக்கிறது. நகல் எடுத்து ஆசிரியர் அறையில் வைத்திருக்கிறார்கள். பெற்றோர்கள் சிலரே படித்துவிட்டு, "சார் சொல்றதுல என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள். தப்பு வரிக்கு வரி இருக்கிறது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கபடியும் ஓட்டமும் சொல்லிக்கொடுத்த மனிதர் என்ற மரியாதை எனக்கு உண்டு. அந்த மரியாதைக்காக அவர் வாதத்தை விட்டுவைக்க முடியாது. பிள்ளைகளின் உடம்பைப் பற்றி உண்மையல்லாத ஒன்றை அறிவியலின் பெயரால் சொல்லியிருக்கிறார். அதை நம்பி நாளைக்கே ஒரு வாத்தியார் ஒரு வகுப்பையே வெயிலில் முட்டி போடவைப்பார்.

அவர் சொல்வதன் சாரம் இது. பிரம்பு கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் முட்டி போடச் சொல்வதும், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்வதும், சுவரில் முதுகைச் சாய்த்து இல்லாத நாற்காலியில் உட்காரச் சொல்வதும் அடியில் சேராதாம். யாரும் தொடுவதில்லை, காயம் இல்லை. இவையெல்லாம் ஐசோமெட்ரிக் பயிற்சிகள், அதாவது அசையாமல் தசையை இறுக்கிப் பிடிப்பவை. இரத்த அழுத்தத்தைக் குறைக்க இவற்றைவிட நல்ல பயிற்சி இல்லை என்று வெளிநாட்டு ஆராய்ச்சியே சொல்லிவிட்டது. சிறுவர்களின் தசை பெரியவர்களின் தசையைவிடச் சோர்வைத் தாங்கும், அவர்களின் இரத்த அழுத்தமும் அவ்வளவு ஏறாது. ஆகவே தண்டனைக்குத் தண்டனையும் ஆச்சு, பயிற்சிக்குப் பயிற்சியும் ஆச்சு என்கிறார்.

நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறவள். அவர் கையிலெடுத்திருக்கும் பாடம் நான் வருடா வருடம் ஆய்வுக்கூடத்தில் நடத்தும் பாடம். ஆகவே அவர் மேற்கோள் காட்டும் ஆராய்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்படி ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. 2023இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியானது. 270 பரிசோதனை ஆய்வுகளை, பதினையாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. நடை, ஓட்டம், எடைப் பயிற்சி எல்லாவற்றையும்விட, அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியில்தான் இரத்த அழுத்தம் அதிகம் குறைந்தது. மேல் அழுத்தம் சராசரியாக 8 புள்ளி, கீழ் அழுத்தம் 4 புள்ளி. சுவரோரம் நாற்காலிபோல் உட்காரும் பயிற்சியும் அதில் உண்டு. இதுவரை அவர் சொன்னது சரி.

அந்தப் பயிற்சியை எப்படிக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. வழக்கமான முறை இதுதான்: இரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும், பிறகு ஓய்வு. இப்படி நான்கு முறை. வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். கைப்பிடிப் பயிற்சியென்றால் அவரவர் முழுப் பலத்தை முதலில் அளந்து, அதில் 30 விழுக்காட்டில் பிடிக்கச் சொல்வார்கள். சுவர்ப் பயிற்சியென்றால் ஆளுக்கு ஆள் முழங்கால் கோணத்தை மாற்றிவைப்பார்கள். மூச்சை அடக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பங்கேற்றவர்கள் பெரியவர்கள். தாமாக ஒப்புக்கொண்டு வந்தவர்கள். வலித்தால் அந்த நொடியே எழுந்து போகலாம். பலன் உடனே வருவதுமில்லை. வாரக்கணக்கில் அளவோடு செய்து, ஓய்வில் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது வருவது. வீட்டுப்பாடம் எழுதாத பையனை அரைமணி நேரம் முட்டி போடவைப்பதில் இவற்றில் எது இருக்கிறது? அளவில்லை, ஓய்வில்லை, விருப்பமில்லை, நிறுத்தும் உரிமையில்லை. மருந்தின் பெயரை மட்டும் சொல்லி அளவை மறைப்பவரை வைத்தியர் என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். அவர் கட்டுரை முழுக்கத் தசையைப் பற்றிப் பேசுகிறது. நரம்பு என்ற சொல்லே அதில் வரவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர் ஒருவரை உட்காரவைத்து, கையில் டைனமோமீட்டர் என்னும் பிடி அளக்கும் கருவியைக் கொடுப்போம். முழுப் பலத்தோடு ஒருமுறை அழுத்தச் சொல்லிக் குறித்துக்கொள்வோம். பிறகு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவான பலத்தில் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மறு கையில் இரத்த அழுத்தப் பட்டை. முதல் சில நொடிகளிலேயே இதயத் துடிப்பு ஏறிவிடும். இதயத்தைச் சாந்தமாக வைத்திருக்கும் வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்துவதால் வரும் ஏற்றம் இது. அதுவரை அந்தப் பிள்ளை சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருப்பார். ஒரு நிமிடம் கடக்கும்போது சிரிப்பு நிற்கும். தாடை இறுகும். செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கும். சொல்லாமலே மூச்சை அடக்குவார். முன்கை நடுங்கும். "மேடம், விட்டுறட்டுமா?" என்று கேட்பார். "விடு" என்பேன். கீழ் அழுத்தம் 16 புள்ளியோ அதற்கு மேலோ ஏறினால் நரம்புகள் நன்றாக வேலை செய்கின்றன என்று பொருள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தன்னியக்க நரம்புகள் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க மருத்துவர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் சோதனை இது. இவ்வளவும் நடப்பது வெறும் முன்கைத் தசையைக் கொண்டு.

அந்த இரண்டாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது? நடக்கும்போதும் ஓடும்போதும் தசை சுருங்கி விரிகிறது. விரியும்போதெல்லாம் இரத்தம் உள்ளே பாய்கிறது. அசையாமல் இறுகியிருக்கும் தசையில் அந்த இடைவெளி கிடையாது. இறுக்கமே இரத்தக் குழாய்களை நெரிக்கிறது. உள்ளே அமிலமும் பொட்டாசியமும் மற்றக் கழிவுகளும் தேங்குகின்றன. தசைக்குள் இருக்கும் மெல்லிய நரம்பு இழைகள் இதை உணர்ந்து மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. முகுளம் பரிவு நரம்பு மண்டலத்தை எழுப்புகிறது. உடம்பின் மற்றப் பகுதிகளில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது, நெரிபட்ட தசைக்குள் எப்படியாவது இரத்தத்தைத் தள்ளப் பார்க்கிறது. 1937இல் ஆலம், ஸ்மர்க் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அழகாக நிரூபித்தார்கள். உழைக்கும் கைகாலில் பட்டை கட்டி, இரத்த ஓட்டத்தை அடைத்து, கழிவுகளை உள்ளேயே சிறைவைத்தார்கள். உழைப்பு நின்றுவிட்டது, ஆனால் ஏறிய அழுத்தம் முழுவதும் இறங்கவில்லை. பட்டையை அவிழ்த்த பிறகுதான் இறங்கியது. அழுத்தத்தை ஏற்றிப் பிடித்திருந்தது தசையிலிருந்து போன முறையீடு.

முறையீடு என்றுதான் சொல்வேன். உடம்பு தன் எசமானனிடம் "இறக்கு" என்று கேட்கிறது. பயிற்சி செய்கிறவர் கேட்டு இறக்கிவிடுகிறார். முட்டி போட்ட பிள்ளைக்கும் அதே முறையீடு அதே நரம்பு வழியாகத்தான் போகிறது. பிள்ளை கேட்கிறது, இறக்கினால் இன்னும் பத்து நிமிடம் கூடும் என்பதால் இறக்காமல் இருக்கிறது. ஆசிரியர் ஐயா பயிற்சி என்று எழுதியிருப்பது, பயிற்சியைப் பயிற்சியாக வைத்திருக்கும் ஒரே ஒரு ஏற்பாட்டைப் பிடுங்கிவிட்ட நிலையை.

கை தூக்கி நிற்கும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் அருகில் நின்று பாருங்கள். முதலில் கை காதோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும். தோளைச் சுற்றியுள்ள தசைகளில்தான் முழுப் பொறுப்பும். அவை சோர்ந்ததும் கை மெல்ல முன்னால் சரியும். சரியச் சரியச் சுமை குறைவதில்லை, கூடுகிறது. கை தோளுக்கு நேராக நீளும்போதுதான் தோளின்மேல் விழும் பாரம் மிக அதிகம். அந்த நேரம் பார்த்து "மேல தூக்குடா" என்று குரல் வரும். பிள்ளை முதுகை வளைத்து, இடுப்பை முன்னால் தள்ளி, மூச்சை அடக்கிக் கையை ஏற்றும். மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. ஏற்கெனவே அசையாமல் நிற்பதால் கால்களின் இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்கியிருக்கிறது. கெண்டைக்கால் தசை அசைந்தால்தானே அது மேலே ஏறும்? பிரேயரில் பிள்ளைகள் பொத்தென்று விழுவது இப்படித்தான். பதினெட்டு வயதுக்குள் ஏறக்குறைய 15 விழுக்காட்டுப் பிள்ளைகள் ஒருமுறையாவது மயங்கி விழுகிறார்கள் என்பது குழந்தை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வளரிளம் பருவத்தில்தான் இது அதிகம். திருமயத்துக் கோட்டைப் பாறை காலை பத்து மணிக்கே எப்படிக் காயும் என்பது ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வெயிலில், காலையில் சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்த பிள்ளையை அசையாமல் நிற்கவைப்பதற்குப் பயிற்சி என்று பெயரா?

இனி அவருடைய இரண்டாவது ஆயுதம். சிறுவர்களின் தசை சோர்வைத் தாங்கும் என்பது. இதிலும் ஒரு பாதி உண்மை. பருவம் எய்தாத சிறுவர்களின் தசை ஆக்சிஜனைக் கொண்டு எரிசக்தி எடுப்பதில் கெட்டி. அமிலம் குறைவாகத்தான் சேரும், சீக்கிரம் தேறிவிடும். கைப்பிடிச் சோதனைகளில் சிறுவர்களின் இரத்த அழுத்தம் வயதுவந்த ஆண்களைவிடக் குறைவாக ஏறியிருக்கிறது. கடும் உழைப்பில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் அவர்களுக்குக் குறைவாகவே சுரக்கின்றன. பரிவு நரம்பு மண்டலம் இன்னும் பக்குவப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள்.

இதை வைத்துக்கொண்டு, அவர்கள் இதற்காகவே படைக்கப்பட்டவர்கள் என்று முடிவு கட்டுவது எந்த ஊர் நியாயம்? அந்தச் சோதனைகளில் பிள்ளைகள் சில நிமிடங்கள் ஒரு கையால் ஒரு பிடியை அழுத்தினார்கள். பெற்றோர் சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நோயுள்ள பிள்ளைகளை முதலிலேயே விலக்கிவிட்டார்கள். அப்படிப் பொறுக்கியெடுத்த பிள்ளைகளின் சராசரி, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருந்தாது. கீல்வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுப்பது நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. இதயத் தசை தடித்துப்போன பிள்ளைக்கு அது வெளியே தெரியாமலே இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. எந்தப் பிள்ளைக்கு என்ன என்று ஆசிரியருக்குத் தெரியுமா? ஆய்வாளன் பரிசோதித்துவிட்டுச் செய்வதை, ஆசிரியர் பரிசோதிக்காமல் நாற்பது பேருக்கும் ஒரே கட்டளையாகக் கொடுக்கிறார்.

குறைவாகப் பதில் தரும் நரம்பு மண்டலம் ஒரு பாதுகாப்பும் அல்ல. அழுத்தத்தை ஏற்றி இரத்தத்தைத் தள்ளும் ஏற்பாடு பெரியவர்களின் அளவுக்கு வேலைசெய்யாத உடம்பைப் பெரியவர்கள் அளவுக்கு நிறுத்திவைக்கலாம் என்று சொல்ல அதில் எந்த ஆதாரமும் இல்லை. இது ஒரு பக்கம். எலும்பை அவர் மறந்தேவிட்டார். பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை, முழங்காலுக்குக் கீழே தொடைத் தசையின் நாண் வந்து பிடிக்கும் அந்த முனை இன்னும் முழு எலும்பாகியிருக்காது. அங்கே வீங்கி வலிக்கும் நோயை 1903இலேயே ஆஸ்குட், ஷ்லேட்டர் என்ற இருவர் தனித்தனியே விவரித்தார்கள். ஓடியாடும் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவது. அந்தப் பிள்ளைகள் மருத்துவரிடம் சொல்லும் முதல் புகார்களில் ஒன்று, முட்டி போட முடியவில்லை என்பது. நம் பள்ளி மைதானத்துச் செம்மண்ணும் சரளையும் அந்த இடத்திலேயே குத்தும். எழுந்த பிறகு முட்டியில் பதிந்த கல்லைப் பிள்ளைகள் விரலால் தட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கல் விழுந்துவிடும், குழி கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

இதையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. தண்டனையையும் பயிற்சியையும் உடம்பு ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் என்று அவர் நம்பவைக்கிறார். தசைக்கு ஒன்றாக இருக்கலாம். சுரப்பிகளுக்கு இல்லை.

உடம்பில் நெருக்கடிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வேகமானது: பரிவு நரம்புகளும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியும் சேர்ந்து அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் இரத்தத்தில் விடும். நொடிகளில் வரும், சில நிமிடங்களில் போய்விடும். மற்றது மெதுவானது: ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதிக்குச் சொல்லி, கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் வரும். அது உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். இந்த இரண்டாவது வழியை எது அதிகம் திறக்கிறது என்பதை அறிய, 2004இல் டிக்கர்சன், கெமெனி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 208 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கார்ட்டிசாலை மிக அதிகமாக ஏற்றியவை இரண்டும் சேர்ந்த சூழல்கள்: தன்னால் நிறுத்தவோ மாற்றவோ முடியாது என்ற நிலை, பிறர் பார்த்துத் தன்னை மட்டமாக எடைபோடுகிறார்கள் என்ற நிலை.

இன்னொரு சோதனை இதைவிட நேரானது. பனிக்கட்டித் தண்ணீரில் கையை முக்கிவைப்பது பழைய சோதனை. இரத்த அழுத்தம் ஏறும். 2008இல் ஷ்வாபே என்பவரும் உடனிருந்தவர்களும் அதில் ஒன்றே ஒன்றைச் சேர்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், கேமரா முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். அதே தண்ணீர்தான், அதே கைதான். யாரும் பார்க்காதபோது செய்தவர்களைவிட இவர்களுக்குக் கார்ட்டிசால் கூடுதலாகச் சுரந்தது. இதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளுக்கென்று தனியாக வடிவமைத்த சோதனையும் உண்டு. நடுவர்கள் முன்னால் நின்று கதை சொல்லி, கணக்குப் போட வேண்டும். 1997இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் கார்ட்டிசால் ஏறுகிறது.

வராண்டாவில் முட்டி போட்டிருக்கும் பிள்ளையிடம் வாருங்கள். தானே நிறுத்த முடியாது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகும் வழியில் பார்த்துச் சிரிக்கிறார்கள். பக்கத்து ஊர்த் தோழியின் அம்மா ஏதோ வேலையாகப் பள்ளிக்கு வந்தவர் பார்த்துவிட்டுப் போகிறார். ஆய்வாளர்கள் கஷ்டப்பட்டு ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் சூழல் அத்தனையும் இங்கே தானாகவே அமைந்திருக்கிறது. இதே பிள்ளை மாலையில் வீட்டு வாசலில் தோழிகளோடு பந்தயம் கட்டி, யார் அதிக நேரம் கையைத் தூக்கி நிற்பது என்று விளையாடும். தசைக்கு அதே வேலை. ஆனால் அங்கே சிரிப்பு இருக்கிறது, போதும் என்று இறக்கிவிடும் சுதந்திரம் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், வேறு யாருக்குத் தெரியும்?

நேரக் கணக்கையும் பாருங்கள். கார்ட்டிசால் உச்சத்தைத் தொடும்போது தண்டனை முடிந்து பிள்ளை அடுத்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும். கார்ட்டிசால் ஏறிய நிலையில், ஏற்கெனவே படித்ததை நினைவிலிருந்து எடுப்பது தடுமாறும் என்று பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதினாறாம் வாய்ப்பாடு சொல்லத் தெரியாததற்காக முட்டி போடவைத்து, எழுப்பிவிட்டு மறுபடி வாய்ப்பாடு கேட்கிறோம். பிள்ளை இன்னும் மோசமாகத் தடுமாறினால், "பாரு, இன்னும் புத்தி வரலை" என்கிறோம்.

சரி, யாரும் தொடவில்லை, காயமில்லை என்ற வாதத்துக்கு வருவோம். தழும்பு இல்லாததால் இது வன்முறை இல்லை என்கிறார். தழும்பு விழக்கூடாது என்பதற்காகவே இந்த முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். 1971இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் பாதுகாப்புப் படையினர் பதினான்கு பேரை விசாரித்தபோது கையாண்ட ஐந்து முறைகளில் ஒன்று, சுவரைப் பிடித்தபடி மணிக்கணக்கில் நிற்கவைப்பது. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த ஐந்தும் சேர்ந்து மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று தீர்ப்பளித்தது. நம்மூர் வாத்தியாரை அந்தப் படையினரோடு வைத்துப் பேசவில்லை. அவர்கள் மணிக்கணக்கில் செய்தார்கள், இவர் நிமிடக்கணக்கில் செய்கிறார், நோக்கமும் வேறு. ஆனால் தொடாமலே ஒருவரின் சொந்த உடம்பைக் கொண்டு அவரை வதைக்கலாம் என்பது நீதிமன்றம் வரை போய் நிலைநாட்டப்பட்ட செய்தி. காயமில்லை என்று இனி யாரும் வாதாட வர வேண்டாம்.

அவர் சட்டத்தையும் தப்பாகப் படித்திருக்கிறார். பிரம்பை மட்டும் தடைசெய்த சட்டம் எதுவும் இங்கே இல்லை. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இலேயே திருத்தப்பட்டது. பிள்ளைகளைத் திருத்துகிறேன் என்று உடலுக்கோ மனதுக்கோ வலி கொடுப்பது அன்றே தடையானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. உடல் தண்டனையோடு மன உளைச்சலையும் சேர்த்தே தடுக்கிறது. உடல் தண்டனை என்றால் எது என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் பட்டியலே போட்டிருக்கின்றன. பெஞ்சின்மேல் நிற்பது, பையைத் தலையில் வைத்து நிற்பது, கால்களுக்கிடையே கையை விட்டுக் காதைப் பிடிப்பது, முட்டி போடுவது எல்லாம் அதில் உண்டு. சுவரோரம் நாற்காலிபோல் நிற்பது என்று ஆசிரியர் ஐயா புகழ்ந்து எழுதிய அதே பயிற்சியும் பெயர் சொல்லியே இருக்கிறது. இந்த வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. அவர் கட்டுரையை நம்பிச் செய்யும் ஆசிரியர் மாட்டிக்கொண்டால், ஐசோமெட்ரிக் என்ற சொல் அவரைக் காப்பாற்றாது.

தோப்புக்கரணம் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறார். அது அசையாப் பயிற்சியே இல்லை என்பது ஒருபுறம். பிள்ளையார் முன்னால் பக்தியோடு போடும் பத்தையும், தாமதமாக வந்ததற்குப் போடவைக்கும் நூறையும் ஒன்றாக்கியிருக்கிறார். பழக்கமில்லாத தொடை அளவு மீறி உழைத்தால் தசை நார்கள் சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கலாம். தண்டனையாக உட்கார்ந்து எழுந்த வளரிளம் பிள்ளைகளுக்கு இது நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. 2023 நவம்பரில் ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தோப்புக்கரணம் போடவைக்கப்பட்டதும் சரிந்து விழுந்து இறந்ததாகச் செய்தி வந்தது. பத்து வயது.

கடைசியாக, நம் மண்ணின் பெருமை. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் கல் படுக்கையில் தவமிருந்த சமண முனிவர்களைச் சொல்கிறார். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் திருமயம், அந்தக் காலத்துக் கண்டிப்பில் வளர்ந்ததால்தான் அப்படியொரு வீரர் உருவானார் என்கிறார். முனிவர்கள் வளர்ந்தவர்கள், தாமே தேர்ந்து மலையேறியவர்கள். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று யாரும் அவர்களைக் கல்லில் கிடத்தவில்லை. சத்தியமூர்த்தி 1887இல் இங்கே பிறந்தவர். அதிகாரத்தின் முகத்துக்கு நேரே நின்று கேள்வி கேட்டதற்காகத்தான் நாம் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவரைப் பேச்சாளராக்கியது முட்டி போட்டதுதான் என்பதற்கு ஒரு வரி ஆதாரமும் ஐயா காட்டவில்லை. ஏன் என்று கேட்கும் பிள்ளையை வாயை மூடி முட்டி போடச் சொல்வதற்கு அவர் பெயரைத் துணைக்கு அழைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நாங்களும் முட்டி போட்டுத்தான் வளர்ந்தோம், நன்றாகத்தான் இருக்கிறோம் என்று சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். முட்டி போட்டதால் பள்ளியை விட்டே போனவர்கள் ஆண்டு மலரில் கட்டுரை எழுதுவதில்லை.

அப்படியானால் நாற்பது பிள்ளைகளை எப்படி அடக்குவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புப் பார்க்கும் பள்ளிகள் இந்த வட்டாரத்தில் எத்தனை என்பது எனக்கும் தெரியும். அதற்குப் பதிலை ஆள் போடுவதிலும், தாமதமாக வரும் பிள்ளையிடம் எந்தப் பேருந்தில் வந்தாய் என்று கேட்பதிலும், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவதிலும் தேட வேண்டும். பிள்ளைகளின் முழங்காலில் அந்தப் பதில் இல்லை. உங்கள் பிள்ளைக்கு இப்படி நடந்தால் 14417 அல்லது 1098 என்ற உதவி எண்ணில் சொல்லுங்கள்.

ஐயாவிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஐசோமெட்ரிக் பயிற்சி பிள்ளைகளுக்கு நல்லது என்று உண்மையிலேயே நம்பினால், விளையாட்டுப் பீரியடில் வந்து சொல்லிக்கொடுங்கள். நிழலில் வைத்துச் செய்யுங்கள். அரை நிமிடத்தில் தொடங்குங்கள், நடுவில் ஓய்வு கொடுங்கள், மூச்சை விடச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் சுவரோரம் அதே மாதிரி உட்காருங்கள். முடியாத பிள்ளை எழுந்துகொள்ளட்டும், காரணம் கேட்காதீர்கள்.